ஆர்டர் குவிகிறது, வீட்டில் காசு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

கொள்ளைநோய் வந்தால் கடைத்தெரு படுத்துவிடும், இணையத்தில் விற்பவர்கள் காட்டில் மழை என்று எழுதுவது பத்திரிகைகளுக்குப் பழகிப்போயிருக்கிறது. சான்றாகக் காட்டும் எண்ணும் பொய்யில்லை. ஐ.நா.வின் வணிக, வளர்ச்சி அமைப்பான அங்டாட் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, தேர்ந்தெடுத்த சில நாடுகளின் சில்லறை விற்பனையில் இணைய வணிகத்தின் பங்கு 2020-இல் 16 சதவீதத்திலிருந்து 19 சதவீதமாக ஏறியது. ஆனால் அந்த மூன்று சதவீதம் யார் பையில் விழுந்தது என்பதை அந்த எண் சொல்லாது. வீட்டு அறையில் பெட்டி கட்டி அனுப்பும் சிறு விற்பனையாளர் ஆர்டர் இல்லாததால் மட்டும் விழுவதில்லை. ஆர்டர் நிறைந்து கிடக்கும்போதே கைக்காசு வற்றி விழுகிறார். அவருடைய கல்லாவும் வீட்டுப் பணப்பையும் ஒன்றாகவே இருப்பதால் வீடும் சேர்ந்து விழுகிறது. அது எப்படி நடக்கிறது என்பதைக் கணக்கோடு எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் நாள்கணக்கு. சரக்கில் போட்ட பணம் எத்தனை நாளில் கைக்குத் திரும்புகிறது என்பதைப் பலர் எழுதிப் பார்ப்பதே இல்லை. சப்ளையருக்குப் பணம் கட்டிய நாளிலிருந்து எண்ணுங்கள். சரக்கு வந்துசேர 20 நாள், அலமாரியில் சராசரியாக 25 நாள், அனுப்பியது வாங்கியவர் கையில் சேர 5 நாள், அதன்பின் விற்பனைத் தளம் பணத்தை வங்கிக்கு விட 10 நாள். மொத்தம் 60. நாளொன்றுக்கு 500 மதிப்புள்ள சரக்கை விற்றுத் திரும்பக் கொள்முதல் செய்பவரின் 30,000 எந்நேரமும் வெளியே நிற்கும். எந்த நாட்டுப் பணமாக வைத்துக்கொண்டாலும் விகிதம் இதுதான்.

தொற்றுக் காலத்தில் 20 நாள் 45 ஆகிறது. 5 நாள் 12 ஆகிறது. தளத்தின் 10 நாள் 21 ஆகிறது. அலமாரி நாளை மாற்றாமல் விட்டாலும் மொத்தம் 103. அதே அளவு விற்பனைக்கு இப்போது 51,500 வெளியே நிற்க வேண்டும். கூடுதலாக வேண்டிய 21,500 எங்கிருந்து வரும்? வீட்டு வாடகைக்கு வைத்ததிலிருந்தும் பிள்ளைகளின் கட்டணத்துக்கு ஒதுக்கியதிலிருந்தும் கடன் அட்டையிலிருந்தும்தான். விற்பனை இரட்டிப்பானால் இன்னும் மோசம்: வெளியே நிற்க வேண்டியது 1,03,000. முன்பு போட்டிருந்த முதலீட்டைப்போல ஏறக்குறைய மூன்றரை மடங்கு. விற்பனை கூடும்போது சந்தோஷப்படுகிறவர், அதற்கு யார் பணம் போடப்போகிறார்கள் என்று கேட்டுக்கொள்வதில்லை.

இந்த நாள்கள் ஊதிப் பெருக்கியவை என்று தோன்றினால், நடந்தவற்றை நினைத்துப் பார்க்கலாம். கோவிட்டுக்கு முன் உலக விமானச் சரக்கில் ஏறக்குறைய பாதி, பயணிகள் விமானங்களின் அடிவயிற்றில்தான் போய்க்கொண்டிருந்தது. பயணிகள் விமானம் நின்றதும் அந்த இடமும் காணாமல் போனது. வெளிநாட்டுப் பார்சல் வாரக்கணக்கில் தேங்கியதற்கு முக்கியக் காரணம் அது. 2021 மார்ச் 23 முதல் 29 வரை எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயை அடைத்துக்கொண்டு நின்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் சீனாவின் நிங்போ துறைமுகத்தில் ஒரே ஒரு தொழிலாளிக்குத் தொற்று என்று ஒரு முனையம் ஏறக்குறைய இரண்டு வாரம் மூடப்பட்டது. கொள்கலன் முழுக்க வாங்குகிற பெரிய நிறுவனம் வேறு துறைமுகத்துக்குத் திருப்பிவிடும். பத்துப் பெட்டி சரக்குக்கு, பிறரோடு கொள்கலனைப் பங்குபோட்டுக்கொண்டு காத்திருப்பவருக்கு அந்த வழி கிடையாது.

இதோடு தளங்களின் விதிகளும் சேர்ந்துகொள்கின்றன. 2020 மார்ச் 17 அன்று அமேசான், விற்பனையாளர்களின் சரக்கை வாங்கி வைத்து அனுப்பும் தன் அமெரிக்க, ஐரோப்பியக் கிடங்குகளுக்கு அத்தியாவசியப் பொருள் தவிர மற்றதை ஏப்ரல் 5 வரை ஏற்பதில்லை என்று நிறுத்தியது. முன்பணம் கட்டி, கப்பலேற்றி, கிடங்கு வாசலை எதிர்பார்த்து வந்துகொண்டிருந்த சரக்குக்கு இடமில்லை. ஒரே தளத்தின் கிடங்கை நம்பியிருந்தவர்களுக்கு அன்றைய தினம் கடையே மூடிய மாதிரி. மூன்று வாரத்துக்கான சரக்கையாவது வீட்டிலோ தெரிந்தவர் இடத்திலோ வைத்து, நேரடியாகவும் அனுப்பத் தயாராக இருந்தவர்களால்தான் தொடர முடிந்தது.

பணம் விடும் விதியையும் கவனியுங்கள். சில தளங்களில் டெலிவரி ஆன நாளிலிருந்து 7 நாள் கழித்தே பணம் விடுவார்கள். கூரியர் ஒரு வாரம் தாமதித்தால் உங்கள் பணமும் ஒரு வாரம் தாமதம். தவறு யாருடையது என்ற கேள்விக்கே இடமில்லை. தாமதத்துக்குத் தண்டனையும் உண்டு. அமேசானில் தாமதமாக அனுப்பியவை 4 சதவீதத்துக்குள், விற்பனையாளரே ரத்து செய்தவை 2.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மாதம் 200 ஆர்டர் அனுப்புகிறவருக்கு 4 சதவீதம் என்றால் வெறும் 8 பார்சல். நாளுக்குச் சராசரி 7 என்று வைத்தால், பிக்கப் வண்டி ஒரு நாள் வராவிட்டால் விளிம்பு, இரண்டாம் நாளும் வராவிட்டால் கணக்கு முடக்கத்தின் வாசல். ஆகவே ஊரடங்குச் செய்தி காதில் விழுந்த அன்றே செய்ய வேண்டியது விளம்பரத்தைக் கூட்டுவதில்லை. அனுப்பும் அவகாசத்தை 1 நாளிலிருந்து 3 அல்லது 4 நாளாக மாற்ற வேண்டும். தளத்தில் காட்டும் இருப்பை, கையில் எண்ணிப் பார்த்த இருப்பைவிடக் குறைத்து வைக்க வேண்டும். இரண்டு மூன்று தளங்களில் ஒரே சரக்கைக் காட்டுகிறவர்கள் அதைப் பங்கு பிரித்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே பொருளை இருவருக்கு விற்று, ஒன்றை ரத்து செய்து, 2.5 சதவீதத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

அடுத்தது ஒரு பொருளின் கணக்கு. விலை 100 என்று வையுங்கள். கொள்முதல் 45. தளக் கமிஷனும் பணப் பரிமாற்றக் கட்டணமும் சேர்த்து 18. பேக்கிங் 4, கூரியர் 15, விளம்பரம் 8. செலவு 90, மிச்சம் 10. நூறு ஆர்டரில் 4 திரும்பி வந்தால், ஒவ்வொன்றுக்கும் போகக் கூரியர் 15, வரக் கூரியர் 15, பேக்கிங் 4, விளம்பரம் 8, ஆக 42 நட்டம். கமிஷனைத் தளம் திருப்பித் தந்து, பொருளும் கெடாமல் வந்தால்தான் இந்தக் கணக்கு; பல தளங்கள் கமிஷனில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்கின்றன. திரும்பாமல் நின்ற 96 ஆர்டரில் லாபம் 960, திரும்பியதில் நட்டம் 168, கையில் 792.

தொற்றுக் காலத்தில் திரும்புவது 10 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். முகவரியில் ஆள் இல்லை, தடுக்கப்பட்ட பகுதி, தாமதமானதால் வேண்டாம் என்றுவிட்டார், வேலை போனதால் பணம் திருப்பிக் கேட்கிறார் என்று காரணங்கள் பல. கூரியர் 15-லிருந்து 19, பேக்கிங் 4-லிருந்து 5. இப்போது ஒரு பொருளின் லாபம் 5. திரும்பிய ஒன்றின் நட்டம் 51. நின்ற 90 ஆர்டரில் 450 லாபம், திரும்பிய 10-இல் 510 நட்டம். நூறு ஆர்டர் அனுப்பி 60 கைநட்டம். ஆர்டர் 200 ஆனால் நட்டம் 120. விற்பனை வரைபடம் மட்டும் மேலே ஏறிக்கொண்டே இருக்கும்.

கூரியர் கட்டணம் ஏன் அவ்வளவு ஏறுகிறது என்பதற்கு நிறுவனங்கள் போடும் கூடுதல் கட்டணம் ஒரு காரணம், பெட்டி இன்னொன்று. இதைப் பலர் பார்ப்பதில்லை. கூரியர் நிறுவனங்கள் எடையைத் தராசில் மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கிப் பொதுவாக 5,000-ஆல் வகுத்து வரும் எடையும் நிஜ எடையும் எதில் அதிகமோ அதற்கே பணம் கேட்பார்கள். 25-க்கு 20-க்கு 12 பெட்டி என்றால் 6,000, வகுத்தால் 1.2 கிலோ. உள்ளே இருப்பது 900 கிராம். வழக்கமான பெட்டி கிடைக்காமல் 30-க்கு 25-க்கு 20 பெட்டியில் அதையே வைத்து, காலி இடத்துக்குப் பழைய தாளைத் திணித்து அனுப்பினால் 15,000. வகுத்தால் 3 கிலோ. பொருள் அதே 900 கிராம், கட்டணம் இரண்டரை மடங்கு எடைக்கு. 2020-இல் எல்லோரும் ஒரே நேரத்தில் பார்சல் அனுப்பத் தொடங்கினார்கள். கடைகள் மூடிக் கிடந்ததால் மறுசுழற்சிக்குப் போகும் பழைய அட்டையும் குறைந்தது. பெட்டித் தட்டுப்பாடு வந்ததில் வியப்பில்லை. தீர்வு எளிது: பெட்டியை வெட்டி மடித்து உயரத்தைக் குறைக்கலாம். உடையாத பொருளென்றால் கனமான பிளாஸ்டிக் உறைக்கு மாறலாம். அதிகம் விற்கும் இரண்டு அளவுப் பெட்டிகளை மட்டும் எட்டு வாரத்துக்கு முன்கூட்டி வாங்கி அடுக்கலாம். பேக்கிங்கில் முன்பணம் முடங்குவது, சரக்கில் முடங்குவதைவிடச் சின்ன தொகை.

எதை வாங்கி வைப்பது என்பதில்தான் ஆசை கண்ணை மறைக்கும். கைவினைப் பொருள்கள் விற்கும் எட்சி தளத்தில் 2020 ஏப்ரலில் மட்டும் ஏறக்குறைய 1.2 கோடி முகக்கவசங்கள் விற்றன. முதலில் தைத்து விற்றவர்கள் சம்பாதித்தார்கள். அதைப் பார்த்து மூலப்பொருளை உச்ச விலைக்கு வாங்கியவர்கள், சரக்கு வருவதற்குள் தொழிற்சாலைகள் உற்பத்தியைப் பெருக்கி விலையை இறக்கியதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இடையில் ஈபே போன்ற தளங்கள் பதுக்கல் விலையைத் தடுக்க முகக்கவசம், கிருமிநாசினி விற்பனைக்கே தடை போட்டன. நெருக்கடியில் விலையை மூன்று மடங்காக்கியவருக்கு அது நியாயமான முடிவு; நேர்மையாக விற்றவரும் அதே வலையில் சிக்கினார் என்பதும் உண்மை.

இன்னொரு பொறி, முன்கூட்டி வந்த வாங்கல். வீட்டிலிருந்து வேலை என்றதும் மேசை, நாற்காலி, விளக்கு வாங்கியவர், அடுத்த நான்கைந்து ஆண்டுக்கு அதை வாங்கப்போவதில்லை. அவருடைய வருங்கால ஆர்டரும் சேர்ந்து இப்போதே வந்துவிட்டது. அப்படி வந்த மூன்று மாத விற்பனையை வைத்து அடுத்த ஆண்டுக்குச் சரக்கு போட்டவருக்குக் கிடங்கு வாடகைதான் மிச்சம். சிறியவர்கள் மட்டும் இதில் ஏமாறவில்லை. சிறு விற்பனையாளர்களின் பிராண்டுகளை விலைக்கு வாங்கிச் சேர்த்த த்ராசியோ நிறுவனம் 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கேட்டது. தொற்றுக் கால வேகம் தொடரும் என்ற நம்பிக்கையில் வாங்கிக் குவித்த சரக்குக்கு அதில் பெரிய பங்கு உண்டு. கொள்முதலைப் பாதி பாதியாகப் பிரித்துக் கேட்பதே பாதுகாப்பு. விலை சற்றுக் கூடினாலும், இரண்டாம் பாதியை வேண்டாம் என்று சொல்லும் உரிமைக்குக் கொடுத்த விலையாக அதை நினைக்கலாம்.

இனி வீட்டுக்கு வருவோம். வேலைக்குப் போகும் ஒருவர், பக்க வருமானமாக இணைய விற்பனை செய்யும் இன்னொருவர் என்ற குடும்பத்தில், சம்பளம் நின்றதும் பக்க வருமானமே முழு வருமானம் ஆகிறது. அங்கேதான் போட்ட முதலீட்டையே தின்பது தொடங்குகிறது. மேலே சொன்ன 100 விலைப் பொருளுக்குத் தளம் கமிஷன் கழித்து 82 வங்கியில் போடுகிறது. கண்ணுக்கு 82 தெரிகிறது. அதில் 45 அடுத்த சரக்குக்கு உரியது. 27 ஏற்கெனவே கூரியருக்கும் பேக்கிங்குக்கும் விளம்பரத்துக்கும் போன பணம். குடும்பத்துக்கு உரியது நல்ல காலத்திலேயே 10, தொற்றுக் காலத்தில் 5. ஆனால் மளிகைக்கும் மருந்துக்கும் 30, 40 என்று எடுத்துவிட்டால், இரண்டு மாதத்தில் அலமாரி காலி. அலமாரி காலியானபின் கடன் வாங்கிச் சரக்கு போட்டாலும் 103 நாள் காத்திருக்க வேண்டும்.

கடன் அட்டையில் சரக்கு வாங்குவது இந்தக் கட்டத்தில்தான் நடக்கிறது. மாதம் 3 சதவீத வட்டி என்று கொள்வோம். 45-க்கு வாங்கிய பொருளின் பணம் திரும்பி வர மூன்று மாதத்துக்கு மேல். மூன்று மாத வட்டி மட்டும் ஏறக்குறைய 4. அந்தப் பொருளின் லாபம் 5. மிச்சம் 1, அதுவும் எதுவும் திரும்பி வராவிட்டால். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் போதும் என்று பில்லில் அச்சிட்டிருப்பதை நம்பக் கூடாது. 20,000 பாக்கிக்கு வட்டி 600. குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம் என்றால் 1,000. அசலில் குறைவது 400. பாக்கி நிற்கும்போது பொதுவாக வட்டியில்லா நாள்களும் கிடையாது; அதே அட்டையில் வாங்கும் மளிகைக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும்.

தவணைத் தள்ளிவைப்பு கிடைத்தால் அதைத் தள்ளுபடி என்று நினைப்பவர்கள் ஏராளம். 1,00,000 பாக்கி, மாதம் 1 சதவீத வட்டி, மூன்று மாதம் கட்டவில்லை என்றால் பாக்கி 1,03,030. மருந்துக்கும் வாடகைக்கும் வழியில்லாதவர் கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டிய வசதி அது. கையில் பணம் இருந்தும் எல்லோரும் எடுக்கிறார்களே என்று எடுப்பது வீண். எதுவானாலும் தவணை நாளுக்கு முன்பு வங்கியிடம் கேட்க வேண்டும். தவறியபின் கேட்டால் கடன் மதிப்பெண்ணில் கறை விழுந்திருக்கலாம்.

செய்ய வேண்டியதில் முதலாவது, மூன்று வங்கிக் கணக்கு. ஒன்றில் வியாபாரம், ஒன்றில் வீடு, மூன்றாவதில் வாடிக்கையாளரிடம் வாங்கிய வரியும் திருப்பித்தர வேண்டிவரும் தொகையும். வரிப்பணம் அரசுக்கு உரியது, நம் கையில் தங்கியிருக்கிறது, அவ்வளவே. நெருக்கடியில் முதலில் கை வைக்கப்படுவதும் அதில்தான். வியாபாரக் கணக்கிலிருந்து வீட்டுக்கு மாதம் ஒரே ஒரு முறை, ஒரே தொகை. அந்தத் தொகையை எப்படி முடிவு செய்வது? கடந்த 12 மாதத்தில் மிக மோசமான மூன்று மாதங்களின் நிகர லாபத்தைக் கூட்டி மூன்றால் வகுங்கள். அதுவே சம்பளம். அது குடும்பத்துக்குப் போதாது என்றால், அந்த உண்மையை வீட்டில் உள்ளவர்கள் அன்றே தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டாவது, 13 வார நோட்டு. ஐந்து பத்தி: வாரம், வரவு, வியாபாரச் செலவு, வீட்டுச் செலவு, மிச்சம். வரவுப் பத்தியில் ஆர்டரை எழுதக் கூடாது. டெலிவரி ஆகி, பணம் விடும் தேதியைத் தளமே காட்டியிருக்கும் தொகையை மட்டும் எழுத வேண்டும். மிச்சம் எந்த வாரத்தில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்குகிறதோ, அந்த வாரத்தைச் சிவப்பில் வட்டமிடுங்கள். ஒன்பதாம் வாரத்தில் விழும் ஓட்டையை இன்று பார்த்தவர், கொள்முதலைப் பாதியாக்கலாம், தேங்கிய சரக்கைக் கொள்முதல் விலைக்கே தள்ளலாம், வீட்டு உரிமையாளரிடம் இரண்டு தவணை கேட்கலாம். அந்த வாரமே வந்து நின்றால் அட்டையைத் தேய்ப்பதைத் தவிர வேறு வழி இராது. செலவில் முதலிடம், தவறினால் திரும்பப் பெற முடியாதவைக்கு: மருந்து, உணவு, வாடகை, மின்சாரம், காலாவதியாகும் காப்பீட்டுப் பிரீமியம். இணையக் கட்டணமும் இந்தப் பட்டியலில்தான்; அதை வெட்டினால் கடை மூடும்.

விற்பவரே நோயில் படுத்தால் என்ன ஆகும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. 2020-இல் தனிமைப்படுத்தல் பொதுவாக 14 நாள். பெட்டி கட்டுபவரும் கணக்குப் பார்ப்பவரும் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்பவரும் ஒரே ஆள். விற்பனைத் தளத்தின் ஒருமுறைக் கடவுச்சொல் அவருடைய கைபேசிக்கு வரும். அந்தக் கைபேசி மருத்துவமனையில், அவர் தலைமாட்டில், சார்ஜ் இல்லாமல் கிடக்கும். ஒரு தாள் போதும். தளத்தில் விற்பனையைத் தற்காலிகமாக நிறுத்தும் விடுமுறை முறையை எங்கே தட்ட வேண்டும், கூரியர் பிக்கப் எண், சப்ளையருக்கு எவ்வளவு பாக்கி, எந்தப் பெட்டியில் எந்தப் பொருள், இரண்டாவதாகப் பதிந்துவைத்த கைபேசி யாருடையது என்று எழுதி, வீட்டில் ஒருவரிடம் ஒருமுறை செய்தும் காட்டிவிட வேண்டும்.

வந்த பணமும் உடனே நம்முடையது ஆகிவிடாது. தொடாமல் டெலிவரி என்று கூரியர்கள் கையெழுத்து வாங்குவதை நிறுத்தியதும், பார்சல் வரவில்லை என்ற புகாருக்கு விற்பவரிடம் ஆதாரம் இல்லாமல் போனது. அட்டை மூலம் வாங்கியவர் பொதுவாக 120 நாள் வரை வங்கியில் முறையிடலாம். இணையப் பணப் பரிமாற்றச் சேவையான பேபாலில் 180 நாள். பெட்டியை மூடுமுன் ஒரு படம், எடைத் தராசில் ஒட்டுச்சீட்டு தெரிய ஒரு படம், வாசலில் வைத்ததற்குக் கூரியர் எடுத்த படம் ஆகிய மூன்றையும் ஆர்டர் எண்ணோடு ஆறு மாதம் வைத்திருக்க வேண்டும். கூரியரின் படம் தளத்தில் சில வாரங்களில் மறைந்துவிடக்கூடும், உடனே இறக்கி வைப்பது உத்தமம்.

உங்கள் வணிகப் பக்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படியொரு காலம் வரும்போது, விற்பனை எத்தனை சதவீதம் ஏறியது என்ற பெட்டிச் செய்திக்குப் பக்கத்தில், எந்த நாட்டுக்கு அஞ்சல் நின்றிருக்கிறது, எந்தத் தளம் பணம் விடும் நாளை மாற்றியிருக்கிறது, கூரியர் கூடுதல் கட்டணம் எவ்வளவு, தவணைத் தள்ளிவைப்புக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்ற நான்கு வரிகளை வாரம் ஒருமுறை அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
சிறு விற்பனையாளர்களின் கணக்கு வழக்குகளைப் பார்க்கும் வாசகர்